ஊர்த் தண்ணீர் குடிக்கிறவர்கள்

ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப்போவதாக அக்கா போனில் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது கார்தான்.

"நம்ம காரைக் கொண்டாந்து உட்டர்றேன்க்கா. தேர்தல் முடியற வரைக்கும் அங்கியே நிக்கட்டும்" என்றேன்.

"நீ மட்டும் வா கண்ணு. காரு வேண்டாம்."

நான் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு ஊரில். மார்கழி மாதம் அது. விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பல்லடம் தாண்டியதும் பனியில் ரோடு கரைந்துபோனது. காற்றாலைகளின் தூண்கள் தெரியவில்லை; இறக்கைகள் மட்டும் ஆகாயத்தில் மெல்லத் தோன்றி, கீழே இறங்கி, காணாமல் போயின. தூங்கியும் தூங்காமலும் அவற்றைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கினேன்.

அக்காவும் மாமாவும் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார்கள். நான் போனபோது உடைத்த தேங்காய் மூடிகள் களம் முழுக்க வாய் பிளந்து காய்ந்துகொண்டிருந்தன. அந்த வெள்ளைக்கு நடுவில் உட்கார்ந்து மூடிகளைப் புரட்டியபடியே அக்கா தன் காரணத்தைச் சொன்னாள்.

போன தடவை அவள் வார்டு உறுப்பினர். கூட்டத்தில் எதைக் கேட்டாலும் அப்போதைய தலைவர், "ஒரு நிமிசம் இருங்க" என்று எழுந்து வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வருவாராம். தெருவிளக்கு, சாக்கடை, பள்ளிக்கூடத்துச் சுவர் எதுவானாலும் அப்படித்தான். அந்தப் பக்கம் பேசுகிறவர் வெளியூரில் கல்குவாரி வைத்திருப்பவர். தலைவரின் தேர்தல் செலவு மொத்தமும் அவருடையது.

"மனுசன் கெட்டவரில்ல அம்மணி. ஆனா நாங்க போட்ட ஓட்டுக்கு, ஊரையே பாக்காத ஒருத்தர் முடிவு சொல்லீட்டிருந்தாரு. எனக்கு அதுதான் தாங்கல."

"அப்ப உன்ற செலவுக்கு?"

"இந்த ஊர்ல ஓட்டு இருக்கறவங்க குடுக்கறதைத்தான் தொடுவேன். காசானாலுஞ் சரி, சோறானாலுஞ் சரி."

"நான் உன்ற தங்கச்சிக்கா."

"தங்கச்சிதான். ஓட்டு கோயமுத்தூர்ல இருக்குதே!"

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் எங்கள் பெரியப்பா மகன் அனுப்பிய பணத்தையும் அவள் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டிருந்தாள். அவர் கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டார். நான் அவளோடு தெருத்தெருவாக நடக்கலாமா என்று கேட்டதற்கு, "நடக்கறதும் ஒத்தாசைதானுங்களே" என்று மாமா கிண்டலாக ஒரு சந்தேகம் கிளப்பினார். அக்கா அதை உண்மையாகவே யோசித்தாள்.

"நடக்கட்டும். ஆனா எனக்கு ஓட்டுக் கேட்டு ஒரு வார்த்தை பேசப்படாது."

அதனால் அந்த நாட்களை நான் வாய் திறக்காமல் கடந்தேன். பேசாமல் நடந்தால் ஒரு ஊர் வேறு மாதிரி தெரிகிறது. பனிக்குள்ளிருந்து முதலில் மாட்டின் மூச்சு வரும், பிறகு மாடு வரும். வேலாமரங்களுக்குக் கீழே மேய்ச்சல் காடு ஈரத்தில் மினுங்கும். யார் வீட்டு வானொலியிலோ பாட்டு ஓடும். எங்களுக்கு ஒலிபெருக்கி இல்லை, அக்கா வாசலில் நின்று "ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று கூப்பிடுவாள். சொந்தக் கனவுக்குள் இன்னொருவர் பின்னால் போகிற மாதிரி நான் போய்க்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் கிடைத்த சின்னம் மூக்குக் கண்ணாடி. அது நல்லதாகப் போயிற்று. ஊரில் கண்ணாடி போட்டவர்களெல்லாம் தங்களைத் தொட்டுக் காட்டி, "நான் நடமாடற போஸ்டர்" என்று சிரித்தார்கள். ஒருவர் மொபெட் கொடுத்தார். தையற்கடைக்காரர் பழைய வேட்டியில் பேனர் தைத்தார். நோட்டீஸ் அடிக்கிற செலவை மகளிர் குழு ஏற்றுக்கொண்டது.

ஒரு மத்தியானம் காலனிக்காரர்கள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர்கள் தலைமுறையாக எங்கள் மாமா வீட்டுத் தோட்டங்காட்டில் வேலை செய்தவர்கள். இப்போது பிள்ளைகள் நர்ஸாகவும் லாரி டிரைவராகவும் இருக்கிறார்கள். மாமா வீட்டார் யாரும் அதற்கு முன் அந்தத் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. இலை போட்ட பெண்ணின் கை மட்டும் கொஞ்சம் தயங்கியது. அக்கா இன்னொரு கரண்டி ரசம் கேட்டாள். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார்.

வாக்குப்பதிவு நெருங்கியபோதுதான் அது நடந்தது. களத்தில் வேலை செய்யும் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி, கணவனும் பள்ளிக்கூடம் போகும் மகளுமாகப் பல வருஷமாக இந்த ஊரிலேயே இருக்கிறவள், நடக்கிறவர்களுக்கென்று ஒரு பெரிய பை நிறையப் பொரி கொண்டுவந்தாள். கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் வெங்காயமும் கலந்த பொரி. வாசம் முன்னால் வந்துவிட்டது. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

"உனக்கு இங்க ஓட்டு இல்லியே கண்ணு" என்றாள் அக்கா, குரலைத் தணித்து.

அந்தப் பெண் பையை நீட்டியபடியே நின்றாள். "ஓட்டு அங்கே இருக்கு அக்கா. நான் இங்கே இருக்கு" என்றாள்.

அக்கா வாங்கவில்லை. அந்தப் பெண் பையை மடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல் களத்துக்குத் திரும்பி மூடிகளைப் புரட்டத் தொடங்கினாள். அன்று அக்கா போன வீடுகளிலெல்லாம் பாதிப் பேச்சில் நின்று நின்று போனாள். சாயங்காலம் கிணற்றடியில் கால் கழுவும்போது சட்டென்று என்னிடம் கேட்டாள்:

"நம்மூட்டுக்காரங்க எத்தனையோ பேர் துபாயில இருந்துட்டு ஓட்டை மட்டும் இங்க வெச்சிருக்கறாங்க. அவங்க குடுத்தா நான் வாங்கலாமாம். இவ குடுத்தா ஆகாதாம். என்ன பொழப்பு அம்மணி இது?"

பேசக் கூடாது என்ற நிபந்தனை எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் களத்துக்குப் பின்னாலிருந்த அந்தத் தகரக் கூரை வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். "நேத்தைய பொரி இருக்குதா?" என்று வாசலிலேயே கேட்டாள். நமத்துப்போயிருந்தது. அந்தப் பெண் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட, அக்கா ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னாள்: "இனி ஓட்டுக் கணக்கு கெடையாது. இந்த ஊர்த் தண்ணி குடிக்கறவங்க யாரு குடுத்தாலும் வாங்குவேன்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நானுந்தான் ஒரு வாரமா இந்தத் தண்ணி குடிக்கறேன்" என்றேன்.

"நீ கோயமுத்தூர்ல சிறுவாணித் தண்ணி குடிக்கறவ. உங்கூர்ல யாரு காசுல யாரு நிக்கறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. என் வார்டு எண்கூட எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் எதிர்த்தரப்பிலிருந்து வீடு வீடாகப் பணக் கவர் போனது. அக்கா கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தோற்றாள். முடிவு தெரிந்த மத்தியானம் அவள் கயிற்றுக் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கினாள். களத்தில் வெயில் அசையாமல் கிடந்தது. எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. அவள் எழுந்ததும், "உனக்குச் சோறு போட்டவங்களே கவரும் வாங்கியிருக்கறாங்க" என்றேன்.

"வாங்கியிருப்பாங்க. சோறு போட்டதும் அவங்கதான், கவரு வாங்குனதும் அவங்கதான். ரெண்டையுஞ் சேத்துத்தான் ஊரு" என்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "ஆனா எனக்கு வலிக்குது கண்ணு" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் இப்போதும் கிராம சபைக்குப் போகிறாள். அந்த ஒடிசாக்காரப் பெண்ணும் கூடவே போகிறாள். இங்கே ஓட்டு இல்லாததால் கையெழுத்துப் போட முடியாது, உட்காரலாம். அவர்கள் குடியிருக்கும் தகரக் கூரை வீட்டு வரிசைக்குக் குழாய் இணைப்பு வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்ததில், போன கோடையில் குழாய் வந்தது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் கவுன்சிலர் நடத்தும் பகுதி சபைக் கூட்டம் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். வேலை முடிந்து நேராக அங்கே போனேன். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதிக்குமேல் காலி. வெளியே தூறல். மழைநீர் வடிகால் வேலை எங்கள் தெருவோடு ஏன் நின்றுபோனது என்று எழுந்து கேட்டேன். கேள்வியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, அத்தனை நாள் பேசாமல் நடந்தது இன்னும் உடம்பிலேயே இருந்தது போல. கவுன்சிலர் குறித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் குடையை விரித்துக்கொண்டே கேட்டார்: "நல்லாக் கேட்டீங்கம்மா. எந்த ஏரியாவுங்க நீங்க?"

அவர் எங்கள் எதிர் வீட்டுக்காரர். எனக்கும் அவர் பெயர் தெரியாது. "உங்க எதிர் வீடுதானுங்க" என்றேன். அவர் திகைத்து, பிறகு சிரித்துவிட்டார். ஒரே குடையில் இருவரும் எங்கள் தெரு வரைக்கும் நடந்தோம்.