தாடியை எடுக்கட்டோ?

கனடாவில், அஹுன்ட்சிக் பகுதியில் எனக்கு முடி வெட்டினவர் ஒரு ஆப்கானியர். நரைத்த மீசை, அசையாத முகம். மாதாமாதம் போகிற என்னிடமும், சவரக்கத்தியைக் கன்னத்தருகே நிறுத்தி, "தாடியை எடுக்கட்டோ?" என்று கேட்பார். தலையாட்டினால் போதாது, வாய்திறந்து ஓம் சொல்லவேண்டும். மறதிக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன்.

கனேடிய ஆமி அவருடைய நாட்டில் சண்டைக்குப் போய் நின்ற காலம். ஒருநாள் கடைத் தொலைக்காட்சியில் இரண்டு அரசியல்வாதிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். முன்பு ரஷ்ய ஆமி வெளியேறிய பிறகு அங்கே தீவிரவாதிகள் தலையெடுத்தது யாருடைய பிழை என்று வாக்குவாதம்.

"யாரில பிழை?" என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் அவரைக் கேட்டேன்.

"ஆமி போன அண்டைக்கு என்ர கடை நிரம்பி வழிஞ்சது. சந்தோசத்தில எல்லாரும் சவரம் எடுக்க வந்தவை. அதுக்குப் பேந்து வந்தவங்கள், தாடி எடுக்கக்கூடாதெண்டு கத்தியளைப் பறிச்சுக்கொண்டு போனாங்கள்."

அவ்வளவுதான். கத்தியைத் துடைத்து என் கன்னத்தருகே நிறுத்தினார்.

"எடுக்கட்டோ?"

தலையை ஆட்டிவிட்டு, பிறகு வாய்திறந்து ஓம் என்றேன். அதுவரை அவர் காத்திருந்தார்.