மூன்றாம் ஓலைக்கு முன்

ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்குக் கல்யாணம் என்றதை ஊரே நகைச்சுவைத் துணுக்காக எடுத்துக்கொண்டது. நானே துணுக்கு எழுதிப் பிழைப்பவன், குறை சொல்ல வாயில்லை. செய்தி போய்ச் சேர வேண்டிய ஒருவனுக்கு மட்டும் சேரவில்லை.

பள்ளிக்கூடக் கூட்டாளி அவன். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து தான்தான் போடுவதாக இருபது வயதிலேயே சொல்லிவைத்தவன். ஏவுகணை விழுகிற கடல் வழியாகப் போகிறோம் என்றான். அதோடு பேச்சில்லை. கப்பல் கம்பெனியில் 'விசாரிக்கிறோம்' என்கிறார்கள். நான் அனுப்பிய குரல்செய்திகள் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றன. ஆனாலும் அனுப்பினேன்: பெண் சாயர்புரத்தில் டீச்சர், சம்பளம் என்னைவிட அதிகம், கல்யாணம் முடிந்ததும் கோவாவுக்கு ரயில். உலகத் துறைமுகமெல்லாம் பார்த்தவனிடம் கோவாவை அளந்தேன். நிறுத்தினால் எதையோ ஒப்புக்கொண்டதாகிவிடும்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாரும் இன்னாரும் மணக்கப்போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். இரண்டு ஓலை முடிந்திருந்தது. யாராவது தடை சொன்னால் தள்ளிப்போகும். அடுத்து ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவசு காலம், கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் கழித்துத்தான். அதற்குள் அவன் வந்துவிடலாம். ஆனால் இத்தனை பேர் கிண்டலடித்த ஊரில் ஒரு பயலும் தடை சொல்லவில்லை. நானே சாமியாரிடம் போனேன்.

"சாமி, ஒரு தடை இருக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"மாப்பிள்ளை சொன்னா அதுக்குப் பேரு தடை இல்ல அண்ணாச்சி, பயம்."

கோயில் வாசலில் காத்திருந்த டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அவரு வந்தாத்தான் கட்டுவியளோ? பேசாம அவரையே கட்டிக்கிடுங்களேன்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வேறு சத்தம் வந்தது. அவள் சிரிப்பதை நிறுத்தினாள்.

"போனை இங்கன கொண்டாங்க" என்று வாங்கி, அவனுக்குக் குரல்செய்தி பேசினாள்.

"அண்ணே, நான்தான் அந்தச் சாயர்புரத்து டீச்சர். உங்க கூட்டாளி கோயில் வாசல்ல நின்னு அழுதாரு. பாக்கச் சகிக்கல. கல்யாணத்த ஈஸ்டர் கழிச்சு வச்சுக்கிடுதோம். கையெழுத்துப் போட வந்து சேருங்க."

போனை என் கையில் திணித்துவிட்டுச் சாமியாரைப் பார்க்க உள்ளே போனாள். பெண் சொன்னால் அது தடைதான் போலிருக்கிறது. அந்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

அவள் செய்திக்கும் ஒற்றை டிக்தான். ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது.