சத்தம் போடாத வீட்டு மருமகள்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கற்பிட்டியிலிருந்து கொழும்பு வரைக்கும் கருவாட்டு வியாபாரிகளிடம் கேட்டுப் பாருங்கள், என் குரல் தெரியாதவர் இல்லை. தலையில் கடகம் சுமந்து தொடங்கியவள் நான். இன்று கண்டக்குழியில் மீன் காயப்போடச் சொந்த வாடி, ஓடுவதற்கு லொறி, எல்லாம் இந்தத் தொண்டை சம்பாதித்தது. அந்தத் தொண்டைக்கு ஆஸ்பத்திரியில் வந்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வாடிக்கு மீன் வெட்டி உப்புப் போட வந்த ஒரு கத்தோலிக்கப் பெண், பழகிப் பழகித் தோழியாகிப் போனாள். என்னைவிட மிகவும் இளையவள், அக்கா முறையில் என்னை ராத்தா என்பாள். நோன்புக்கு நான் கஞ்சி காய்ச்சினால் முதல் கோப்பை அவள் வீட்டுக்கு. நத்தாருக்கு அவள் சுடும் பலகாரத்தில் முதல் தட்டு எனக்கு. இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். மூன்றாவது தங்கியபோது நாற்பதை நெருங்கியிருந்தாள். இதுவும் போனால் இனிமேல் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாய் இல்லாதவள். “ராத்தா, நீங்கதான் துணைக்கு வரணும்” என்றாள். வாடியைப் பூட்டிவிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவளுடைய மாமியார் வீட்டில் ஒரு வழக்கம். அந்த வீட்டுப் பெண்கள் பிரசவ வலியில் சத்தம் போடக் கூடாது. மாமியார் பெற்றதெல்லாம் அப்படித்தானாம். பிள்ளை அழுத பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியுமாம். தலவில அன்னம்மாள் கோயில் திருநாளில் வாங்கிய ஒரு லேஞ்சியை, முகம் துடைக்கிற அந்தத் துணியைத்தான், சுருட்டி மருமகளின் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். வலி வந்தால் அதைக் கடிக்க வேண்டும். போனிலும் அதே உபதேசம்: “கத்தி எங்கட மானத்த வாங்கிப்போடாத மகள். அன்னம்மாவ மன்றாடிக்கொண்டு கடிச்சிரு.” புருசன்காரன் தாய்க்கு எதிராக வாயைத் திறக்காதவன். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே த்ரீவீலில் சாய்ந்து கிடந்தான்.

காலையிலிருந்து அவள் கடித்தாள். கழுத்து நரம்பு புடைக்க, வியர்வையில் தலையணை நனையக் கடித்தாள். மற்றக் கட்டில்களில் பெண்கள் அலறினார்கள். தாதி மிஸ்ஸிமார் அங்கேதான் ஓடினார்கள். நான் போய் ஒரு மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். அவள் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள்:

“அவ அமைதியாத்தானே படுத்திருக்கிறா. வலி கூடினா சத்தம் கேக்கும்தானே. பொறுங்க.”

திரும்பவும் போனேன். இந்தத் தடவை அற்றென்டன் பெண் மூக்கைப் பொத்தினாள். “கருவாட்டு அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“இந்த வாசத்திலதான் மகள் நான் மூணு குமரக் கட்டிக் குடுத்தன்” என்று நானும் சிங்களத்திலேயே கொடுத்தேன். லொறிக்காரர்களிடம் படித்த சிங்களம், நன்றாகவே உறைக்கும். ஆனால் உறைத்து என்ன, ஒருத்தியும் அசையவில்லை.

திரும்பி வந்தபோது அவள் லேஞ்சியை வாயிலிருந்து எடுத்தாள். “ராத்தா, பிள்ளை துடிக்கிறது குறைஞ்ச மாதிரி இருக்கு.”

“கத்து புள்ள. இப்பவே கத்து.”

“ஏலாது ராத்தா. மாமிக்கு வாக்குக் குடுத்திட்டன்.”

மறுபடி அதை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் மாமியாரா, மிஸ்ஸியா, இந்த மடச்சியா, யாரை அடிப்பது என்று தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பெறுகிறவளைப் போல நான் கத்தினேன். ஏலத்தில் கடற்கரையையே திரும்ப வைத்த குரல். வாட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸிமார் இரண்டு பேர், பின்னால் ஒரு இளம் டொக்டர் பிள்ளை, ஓடி வந்தார்கள்.

“ஆருக்கு வலி?”

“இவளுக்கு. இவளுக்காகத்தான் நான் கத்தினன்.”

மிஸ்ஸி என்னை ஏச வாயெடுத்தாள். அதற்குள் டொக்டர் பிள்ளை போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டாள். முகம் மாறியது. வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள். அடுத்த நிமிசம் ட்ரொலி வந்தது.

லேபர் ரூம் கதவோடு என்னை நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரு அலறல் எழுந்தது. அது அவளுடைய குரல் என்று புரிய எனக்குச் சற்று நேரம் எடுத்தது, அப்படியொரு குரல் அவளிடம் இருப்பதை நான் அறிந்ததில்லை. பிறகு ஒரு பூனைக்குட்டிச் சத்தம். பெண் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம்.

“இன்னும் பிந்தியிருந்தா கஷ்டம் அம்மா” என்றாள் டொக்டர் பிள்ளை. “ஏன் முன்னமே சொல்லல்ல?”

“சொன்னன். ரெண்டு தரம் சொன்னன்” என்றேன். அந்த மிஸ்ஸி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் மாமியார் சொந்தங்களோடு வந்து சேர்ந்தாள். பிள்ளையைத் தூக்கிய கையோடு தொடங்கிவிட்டாள்: “எங்கட வீட்டு மருமகள்தானே. ஒரு சத்தம் இல்லாமப் பெத்திருக்கிறாள்.” என் தோழி சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். தொண்டை கட்டிப்போய் அவளால் பேசவே முடியவில்லை.

“அந்த லேஞ்சி எங்க?” என்றாள் மாமியார். “இளைய மருமகளுக்கு வேணும்.” அந்தப் பெண் பின்னால் நின்றாள், வயிறு ஏழு மாதத்துக்குத் தெரிந்தது.

“குப்பை வாளியில போட்டிட்டன்” என்றேன். “கத்தினவளும் நான்தான், போட்டவளும் நான்தான். உங்கட மானம் அதுக்குள்ளதான் கிடக்கு, வேணுமெண்டா கிண்டி எடுங்க.”

அன்றிலிருந்து அந்த மனிசி என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் எனக்கு நட்டமும் இல்லை. ஆனால் அன்றைக்கே படியிறங்கும்போது அந்த இளைய மருமகள் பின்தங்கி வந்து, மெதுவாக என் போன் நம்பரைக் கேட்டாள். கொடுத்திருக்கிறேன். என் தொண்டைக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.