காற்றை எண்ணப் போன ஞாயிற்றுக்கிழமை

எனக்குப் பயணம் என்றால் ஜன்னலோர இருக்கைதான். போய்ச் சேரும் ஊர் இரண்டாம்பட்சம். அதனால்தான் 2007 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவை ஹாஸ்டலில் என் அறைத்தோழியான சுகந்தி, "திருப்பூர்ப் பக்கம் ரெண்டு வீட்டுல கிண்ணம் எடுக்கணும், துணைக்கு வாடி" என்றதும் என்ன ஏதென்று கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

சுகந்தி ஆராய்ச்சி மாணவி. இயற்கையிலேயே இருக்கும் கதிர்வீச்சை அளப்பது அவள் வேலை. (அணுகுண்டு சமாச்சாரம் இல்லை, பயப்பட வேண்டாம்.) பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ரேடான் என்றொரு வாயு சதா கசிந்து வீட்டுக்குள் வருகிறது. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அடைத்த அறையில் அதிகம் சேர்ந்தால் நுரையீரலுக்கு ஆகாது. அதை அளக்க, சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் தபால்தலை அளவு சிவப்பு பிலிம் ஒன்றை ஒட்டி வீட்டுக்குள் தொண்ணூறு நாள் தொங்கவிடுவாள். வீட்டார் சமைத்து, சண்டை போட்டு, தூங்கி எழும் நேரமெல்லாம் அந்த பிலிமில் கதிர்களின் தடங்கள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். பிறகு ஆய்வகத்தில் அதைக் கரைசலில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் பார்த்துத் தடங்களை எண்ணுவாள்.

மொத்தம் இருபது வீடு. பதினெட்டுக் கிண்ணம் வந்துவிட்டது. இருபதும் வேண்டும் என்பதில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கறார். அவர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் சுகந்தி வேறு வழிகாட்டியைத் தேடி அலைய வேண்டும்.

சிங்காநல்லூரில் காலை 6.40க்குப் பேருந்து. பொங்கலூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர், பதின்மூன்று ரூபாய். பல்லடம் தாண்டியதும் பனிக்குள் காற்றாலைகள் தெரிந்தன. கால் தெரியவில்லை, இறக்கைகள் மட்டும் மெல்லச் சுற்றின. பார்த்துக்கொண்டே இருந்தால் சுற்றுவது அவையா நாமா என்று குழம்பிவிடுகிறது. எனக்கு அந்தக் குழப்பம் பிடித்திருந்தது.

பொங்கலூரில் தோட்டத்து வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றார். "ஒட்டடை அடிக்கறப்பக் கூட அந்தப் பக்கம் போகலீங்க கண்ணு. பாருங்க, நூலாம்படை கட்டிக் கெடக்குது" என்றார், சாதனை செய்த பெருமிதத்தோடு. கிண்ணம் பத்திரமாக இருந்தது. மோர் கொடுத்தார். பத்தொன்பது.

பல்லடம் திரும்பி, டவுன் பஸ் மாறி மங்கலம் சேரும்போது பத்தரை. ஞாயிறானாலும் பாதித் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வெயிலில் பஞ்சுத் தூசு கீழே இறங்க மனமில்லாமல் மிதந்தது. நாங்கள் தேடிப் போனது ஒரு லைன் வீட்டில் மூன்றாவது கதவு. ஜெசிந்தா என்ற பெண் அங்கே குடியிருந்தாள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவள்.

கதவைத் திறந்தது வேறொரு பெண். உள்ளே சேலைத் தொட்டிலில் கைக்குழந்தை. பஞ்சு வராமலிருக்க ஒரே ஜன்னலையும் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். உத்தரத்தில் வெறும் ஆணி.

"ஏனுங்க, அந்தப் புள்ளை காலி பண்ணிப் போயி நாப்பது நாளாச்சுங்களே" என்றார் பேச்சுச் சத்தம் கேட்டு வந்த வீட்டு உரிமையாளர். "திருப்பூர்லயே கம்பெனிக்குப் பக்கத்துல ஊடு பார்த்துட்டாங்க. கிண்ணமுங்களா? அதையும் கையோட கொண்டுட்டுப் போயிருச்சுங்க."

விலாசம் வாங்கிக்கொண்டு திருப்பூர் போனோம். பத்து கிலோமீட்டர், அப்புறம் ஆட்டோ நாற்பது ரூபாய் (முப்பதுக்குக் கேட்டுப் பாருங்கள், நான் கேட்டுத் தோற்றேன்). ஜெசிந்தா அப்போதுதான் கோயிலுக்குப் போய்வந்து சமையலில் இருந்தாள். புது வீட்டில், அதே உயரத்தில், அதே மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தாள் கிண்ணத்தை.

"வாங்கக்கா! நல்லா இருக்கா பாருங்க. தொண்ணூறு நாள் எடுக்கக் கூடாதுன்னு சொன்னீயளே. விட்டுட்டு வந்தா வர்றவங்க தூக்கிப் போட்டுருவாங்கன்னு பயம். டெம்போல சாமானோட வைக்காம மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. ஐம்பது நாள் மங்கலத்துக் காற்று, நாற்பது நாள் திருப்பூர்க் காற்று, நடுவில் ஒரு டெம்போ. எந்தத் தடம் எந்த வீட்டினுடையது என்று எந்த நுண்ணோக்கியும் சொல்லாது.

ஜெசிந்தா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் நான் சுகந்தியின் காதைக் கடித்தேன். "மங்கலம்னே எழுதிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த ரூம்ல இப்ப ஒரு குழந்தை தூங்குதுடி" என்றாள். "ஜன்னலையும் அடைச்சிருக்காங்க. நான் ஒரு நம்பர் எழுதினா அது அந்தக் குழந்தையோட நம்பர்."

ஜெசிந்தாவிடமும் உள்ளதைச் சொன்னாள். அவள் முகம் வாடிவிட்டது. "அப்போ நான்தான் கெடுத்துட்டேனாக்கா?" சுகந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ காப்பாத்துன மாதிரி யாரும் காப்பாத்தல ஜெசி. வீடு மாறுனா நீ மட்டும் போகணும்னு நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது." பிறகு மூன்று பேரும் மீன்குழம்பு சாப்பிட்டோம். இந்தப் பயணத்தில் ஆகச் சிறந்த சாப்பாடு அதுதான்.

இந்தப் பக்கம் வருபவர்களுக்கு: காற்றாலைகளைப் பனியோடு பார்க்க ஏழரைக்குள் பல்லடம் தாண்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள், மற்ற நாளில் வீடுகளில் ஆள் இருக்காது. ஒரு ஆளுக்குப் பேருந்துச் செலவு ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். தண்ணீர் கையில் இருக்கட்டும். அடைத்த அறையில் இருப்பவர்கள் தினமும் கொஞ்ச நேரமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள். இது என் அறிவுரை இல்லை, சுகந்தியுடையது.

நாங்கள் அன்றே மங்கலத்துக்குத் திரும்பினோம். சுகந்தியின் பையில் உபரியாக ஒரு கிண்ணம் இருந்தது. தொண்ணூறு நாள் என்றால் மே பாதி போய்விடும், பேராசிரியர் ஓய்வுக்கு முன் ஆய்வேட்டைக் கொடுப்பது சந்தேகம்தான். அவளுக்கும் கணக்குத் தெரியும். ஜன்னல் சாக்கை எடுத்துவிட்டு வலைத்துணி கட்டச் சொன்னாள். ஸ்டூலில் ஏறிக் கிண்ணத்தைக் கட்டினாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். தொட்டிலில் குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது, வயிறு ஏறி இறங்கியது. மதியம் பொய் எழுதச் சொன்ன அதே வாயால், அந்தக் குழந்தையின் அம்மாவிடம் சொன்னேன்: "தொண்ணூறு நாள். நீங்க போனாலும் இது இங்கயே இருக்கட்டும்."