புகை வாசம் இல்லாத பூண்டு

பூம்பாறை சிவபாக்கியத்தின் வாயால் ஒரு பொருளை நல்லது என்று சொல்ல வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே பாத்திரத்தை நீட்டுவாள். பெண் பார்க்க வந்த கந்தவேலின் தோட்டத்தை யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். அந்தச் சந்தேகப் புத்தி அவளுடைய மலைப்பூண்டுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்திருந்தது. கொடைக்கானல் கடைவீதி சம்சுல் ஆலம் பாய், அவள் மூட்டையை மட்டும் அவிழ்த்துப் பார்க்காமலே எடுத்துக்கொள்வார்.

அறுத்த பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு விறகுப் புகையில் காய வைப்பது மலை வழக்கம். விறகுக்குக் கெடுபிடி வந்துவிட்டதால், இந்த வருஷம் கந்தவேல் சுகன்யா என்ற இன்ஜினியர் கொண்டுவந்த, பூண்டு காய வைக்கும் இயந்திரத்துக்குத் தலையாட்டிவிட்டார். அதற்குத் தீனி, பெட்ரோல் ஆலையில் எல்லாம் வடித்தெடுத்த பின் அடியில் மிஞ்சும் கரி. அதை உருளையில் இட்டு, காற்றைக் குறைத்து, நீராவி விட்டுச் சுட்டால் எரிவாயு வருமாம்.

"பெட்ரோல் கசடுலயா என் பூண்டு? கொழம்புல மண்ணெண்ண வாடை அடிச்சா யாரும்மா பதில் சொல்றது?"

"அடுப்பு வெளியதான் எரியுங்கக்கா. சூட்டுக்காத்து மட்டும் தனிக் குழாயில உள்ள வரும். வாயுவுல இருக்குற கெட்ட வாடைய எரியுறதுக்கு முன்னாடியே குழாயில வச்சிருக்குற இரும்புத்துரு பிடிச்சுக்கும்."

"வாயில எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் சிவபாக்கியம்.

சோலியெல்லாம் போட்டுவிட்டுக் பூண்டு காயும் கொட்டகை வாசலிலேயே காவல் கிடந்தாள். வேளைக்கொரு பூண்டை எடுத்து மோந்தாள். காய்ந்த முதல் பூண்டில் ரசம் வைத்துக் கந்தவேலுக்கு ஊற்றினாள். மனுஷன் மறுநாளும் எழுந்து நடமாடுவதைப் பார்த்த பிறகுதான் தான் குடித்தாள். ஒரு வாடையும் இல்லை. அவளுக்கே வெட்கமாகப் போயிற்று, ஆனால் அதைச் சுகன்யாவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் வெள்ளனே பஸ் ஏறி மூட்டையோடு பாய் கடைக்குப் போனார்கள். பாய் வழக்கம்போல உள்ளே தூக்கி வைக்கப் போனவர், நின்றார். மூட்டையை அவிழ்த்து ஒரு பூண்டைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். இன்னொன்றையும் கசக்கினார்.

"புகை வாசமே இல்லையேக்கா. மலைக்குக் கீழ மார்க்கெட்டுல விக்கிற பூண்டக் கலந்துட்டீங்களா?"

சிவபாக்கியத்துக்குக் காதெல்லாம் சுட்டது. இயந்திரத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"பெட்ரோல் கரியில காய வச்சும் வாடை இல்லேங்கிறீங்க. நான் நம்பினாலும் வாங்குறவன் நம்ப வேணாமா?"

"ரெண்டு நாள் அடுப்புப் புகையில போட்டுக் கொண்டாந்துருவோம்," என்று கந்தவேல் மெல்லச் சொன்னார்.

"கலப்படம் பண்ணுனவதான் அப்படி மறைப்பா. நான் எதுக்குப் போடணும்?" என்று அவர்மேல் பாய்ந்தாள். பிறகு பாயைப் பார்த்தாள். இத்தனை வயதுக்கு யாரிடமும் அவள் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"என்னைய நம்புங்க பாய்."

பாய் மூட்டையின் வாயைக் கட்டி அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.