தட்டும் டம்ளரும் அவரவர் கொண்டுவர வேண்டும்

புதன்கிழமைக்கான பையைச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கட்டி முடித்துவிடுவேன். அடியில் மாற்றுத் துணியும் ஒரு பழைய துண்டும். அதற்குமேல் நோட்டு, கலர் பென்சில் டப்பா, வெயிலுக்குத் தொப்பி. பக்கத்து உறையில் தண்ணீர் பாட்டில். எல்லாவற்றுக்கும் மேலே, கையை விட்டதும் கிடைக்கிற மாதிரி, ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன். இதெல்லாம் மகளுக்கு; என் தட்டு தூக்கோடு தனிப் பையில் போகும். திருப்பதியில் ஒரு பத்திரிகையில் ஆறு வருஷம் உதவி ஆசிரியராக இருந்து பக்கம் கட்டிய பழக்கம் இது. எது மேலே வர வேண்டும், எது அடியில் போனால் போதும் என்று யோசிக்காமல் எனக்குக் கை ஓடாது.

அந்த வேலையை நான் விட்டது மகளுக்காக. சித்தூரில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கே ஐஐடி பவுண்டேஷன் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். ஆறு வயதில் அவளுக்குத் தினமும் இரண்டு பரீட்சை. காலையில் ஷூவைப் பார்த்ததும் வாந்தி எடுப்பாள். என் கணவருக்குப் பெங்களூரில் சாப்ட்வேர் வேலை. வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். அவர் சம்பளத்தில் குடும்பம் நடக்கும் என்று ஆனதும், மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி நானே வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

அப்படி நிறுத்தியவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஒரு தம்பதி பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வாங்கி, அதற்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். புதன்கிழமைதோறும் அங்கே ஏழு குடும்பங்கள் கூடும். இரண்டு குடும்பங்கள் திருப்பதியிலிருந்து காரில் வரும். நானும் மகளும் பலமனேர் பஸ்ஸில் போய் இறங்கி நடப்போம். பிள்ளைகள் மரத்தின் நிழலை அளப்பார்கள், பாத்தி கட்டுவார்கள், ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவார்கள். மத்தியானம் ஒவ்வொரு வீடும் கொண்டுவந்த பதார்த்தத்தை நடுவில் வைத்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தோப்புக்கார அம்மாள் அனுப்பிய விதிமுறைத் தாளில் நான்காவது விதி: தட்டும் டம்ளரும் அவரவர் கொண்டுவர வேண்டும், அவரவரே கழுவ வேண்டும். காகிதத் தட்டுக் குப்பை சேரக் கூடாது, நம் எச்சில் தட்டை இன்னொருவர் கழுவக் கூடாது. காரணம் அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

அங்கே யாரும் சாதி கேட்டதில்லை. ஊர்தான் கேட்டார்கள். நகரி என்று சொன்னேன். நகரி என்றால் தறி என்று எல்லோருக்கும் தெரியும். நெசவுக்காரக் குடும்பம் என்று மிச்சத்தை அவர்களே நினைத்துக்கொண்டார்கள். விஜயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம் என்று சொல்லியிருந்தால் எந்தத் தெரு என்ற கேள்வி வரும். எங்கள் தெரு காலனி. நைனா காலத்தில் எங்களுக்குக் கையளவு நிலம் கிடையாது. ஆறு மாசமாக அந்த வட்டத்துக்கு நான் எடுத்துப் போனதெல்லாம் எலுமிச்சை சாதம், புளியோதரை, வேர்க்கடலைச் சட்னி. எங்கள் வீட்டில் நாங்கள் விரும்பிச் சாப்பிடுகிற எதையும் அந்தத் தூக்கில் நான் வைத்ததில்லை.

மாங்காய் சீசனில் ஒரு செவ்வாய்க்கிழமை என் அண்ணன் வந்தான். அவனிடம் சொந்தமாக ஒரு மினி லாரி. தோட்டங்களிலிருந்து மாங்காய் ஏற்றிச் சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளில் இறக்குவது சீசன் வேலை. அன்றைக்கு லோடு இறக்கிவிட்டு, மறுநாள் பங்காருபாளையத்தில் ஏற்ற வேண்டியிருந்ததால் எங்கள் வீட்டில் தங்கினான். நான் பை கட்டுவதைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதில் அவனுக்கு என்மேல் கோபம் தீரவில்லை. ஏழாவதோடு நின்றவன் அவன். நான் பி.ஏ. வரைக்கும் போனது அவன் லாரிகளில் கிளீனராகப் போனதால்.

தட்டை வைத்தபோது கேட்டான்.

"அது இன்னாத்துக்கு?"

அங்கே சாப்பிட, என்றேன்.

"அவங்க ஊட்ல தட்டு இல்லியா?"

எல்லோருமே எடுத்து வருவார்கள், அதுதான் விதி, காகிதத் தட்டு கூடாது என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, "எல்லாரும் எட்த்துக்கினு வர்றத நீ பாத்தியா, இல்ல உனக்கு மட்டும் சொன்னாங்களா?" என்றான்.

பார்த்தேன் என்றேன். அது நிஜம். ஆனாலும் கை பையிலேயே நின்றுவிட்டது. சின்ன வயதில் நானும் அண்ணனும் படித்த பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் இருக்கும். எங்கள் காலனிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவர வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அண்ணன் ஒரு அலுமினிய டம்ளரைக் கயிற்றில் கட்டிப் புத்தகப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போவான். நடக்கும்போது அது சிலேட்டில் இடித்துச் சத்தம் போடும்; அந்தச் சத்தம் கேட்டே நாங்கள் யார் என்று தெரிந்துவிடும் என்று கையால் பிடித்துக்கொண்டே நடப்பான். எனக்கும் சேர்த்து அந்த ஒரு டம்ளர்தான். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். ஆறு மாசமாக வாரம் தவறாமல் மகள் பையில் தட்டும் டம்ளரும் வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட இது நினைவுக்கு வரவில்லை. அவன் கேட்கும்வரை வரவில்லை.

"நாளிக்கி நானே உங்கள வண்டில இட்டுக்கினு போறேன். அவங்களையும் பாத்தா மாதிரி இருக்கும்" என்றான்.

காலையில் பையை அவன்தான் வண்டிக்குத் தூக்கிப் போனான். மகள் முன்னால் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஹாரனை அடிக்க விடச் சொல்லி வழியெல்லாம் நச்சரித்தாள். தோப்பு வாசலில் இறக்கிவிட்டான். லோடு மூன்று மணிக்குத்தான், அதுவரை இங்கேயே இருக்கிறேன் என்று வண்டியை வேலியோரம் நிறுத்தினான். உள்ளே வா என்று நான் கூப்பிட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் மகளைச் சூழ்ந்துகொண்டார்கள், தூக்கை யாரோ வாங்கிக்கொண்டார்கள், நான் அவர்களோடு நடந்துவிட்டேன். கூப்பிட நேரமில்லாமல் போயிற்று என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வாசலிலிருந்து வீடு நாற்பது அடி.

பன்னிரண்டரைக்கு வட்டம் கூடியது. பிள்ளைகள் தட்டுகளை எடுத்தார்கள். மகள் பைக்குள் கையை விட்டாள். நோட்டை எடுத்தாள், துண்டை எடுத்தாள், பிறகு பையைக் கவிழ்த்தாள். தட்டு இல்லை. டம்ளரும் இல்லை. நான் வாசல் பக்கம் திரும்பினேன். அண்ணன் வண்டிக் கதவில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் எடுத்திருக்கிறான் என்று புரிந்தது. எதற்கு என்பதும் புரிந்தது. தட்டில்லாத என் பிள்ளைக்கு இந்த வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு தட்டு வருமா என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

தோப்புக்கார அம்மாள் சிரித்தாள். பரவாயில்லை என்று தெலுங்கில் சொல்லி, கிணற்றடியில் போய் ஒரு வாழை இலை அறுத்துவரும்படி பெரிய பிள்ளை ஒருத்தியை அனுப்பினாள். இலை வந்ததும் மற்ற பிள்ளைகளுக்குப் பொறாமை; எனக்கும் இலை, எனக்கும் இலை என்று இரண்டு பேர் தட்டைத் தள்ளிவைத்தார்கள். கல்யாணத்தில் இலை போடுவோம். எங்கள் அம்மா அறுவடைக்குப் போன பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்திலும் இலைதான் போடுவார்கள், தட்டைத் தர மனமில்லாமல். இது எந்த இலை என்று நாற்பது அடி தூரத்திலிருந்து அவனால் சொல்ல முடியாது. வட்டத்துக்குள் இருந்த எனக்குத் தெரியும். அந்த அம்மாள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

அப்போது அவள் வாசல் பக்கம் பார்த்து, பாவம், உங்கள் டிரைவருக்கும் ஓர் இலையில் போட்டு அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

ஆறு வருஷம் நான் சம்பளம் வாங்கியது பிழை திருத்துவதற்காக. ஒரு தலைப்பில் மாமனாரை மாமா என்று போட்டிருந்தால் அச்சை நிறுத்தச் சொல்லி ஓடியிருக்கிறேன். இங்கே திருத்த வேண்டியது ஒரே ஒரு சொல். அண்ணன் என்றால் அவன் உள்ளே வருவான். வந்தால் அந்த லுங்கியோடு, 'துன்னுட்டியா' என்று கேட்கும் அந்தப் பேச்சோடு வட்டத்தில் உட்காருவான். யாராவது அவனிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார்கள். அவன் சொல்லிவிடுவான், அவனுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. இவ்வளவையும் நினைக்க எனக்கு இரண்டு விநாடி போதுமானதாக இருந்தது.

"பம்பிஞ்சண்டி" என்றேன். அனுப்புங்கள் என்று.

மகள்தான் இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "மாமா, மாமா" என்று கூப்பிட்டபடி ஓடினாள். வழியில் போகிற ஆளையும் பிள்ளைகள் மாமா என்று கூப்பிடுகிற ஊர் இது. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவும் எனக்கு உதவியாக இருந்தது. தோட்ட வேலை செய்கிற பெண் செம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். அவன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து என் புளியோதரையைச் சாப்பிட்டான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டாம் முறை தயிர் சாதம் போட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவன் சீட்டுக்கு அடியிலிருந்து தட்டையும் டம்ளரையும் எடுத்துக் கொடுத்தான். ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி கொண்டாந்த பொண்ணு டிரைவரண்ணான்னு கூப்ட்டுச்சி" என்றான். சிரித்தான். "வண்டி ஓட்டிக்கினு வந்தவன் டிரைவர்தான். அது தப்பில்ல."

நான் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அவங்கள்ட்ட நீ இன்னான்னு சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணா."

பொய் இல்லை. நடந்ததும் அதுதான்.

சரி என்றான். மகள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வண்டியை எடுத்தான். நாங்கள் பஸ்ஸில் வீடு திரும்பினோம்.

அடுத்த புதன்கிழமை சொல்லிவிடுவது என்று போனேன். அன்றைக்குத் திருப்பதியிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்கள் முன்னால் எதற்கு என்று விட்டேன். அதற்கடுத்த வாரம் மழை. மூன்றாவது வாரம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நானும் தோப்புக்கார அம்மாளும் தனியாக இருந்தோம். அன்றைக்கு வண்டியில் வந்தவர் என் கூடப் பிறந்த அண்ணன் என்றேன். ஊரையும் சொன்னேன். தெருவையும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். முகம் சிவந்துபோயிற்று. "அய்யோ, அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேனே" என்று தெலுங்கில் சொன்னாள். வெயிலில் உட்கார வைத்துவிட்டேனே என்று திரும்பத் திரும்ப வருத்தப்பட்டாள். ஊரைப் பற்றியோ தெருவைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. டிரைவர் என்றால் வெயிலில் உட்காரலாமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. வருகிற புதன்கிழமை அவரைக் கட்டாயம் அழைத்துவாருங்கள் என்றாள்.

அன்று சாயங்காலமே அண்ணனின் செல்லுக்கு போன் செய்தேன். அந்த அம்மாள் கூப்பிடுகிறாள், வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட வரச் சொல்கிறாள் என்றேன்.

"அவங்களா கேட்டாங்களா, நீ சொன்னியா?"

நான்தான் சொன்னேன் என்றேன்.

"எப்போ?"

"இன்னிக்கி."

அந்தப் பக்கம் லாரிகளின் சத்தம் கேட்டது. ஃபேக்டரி வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான் போலும். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுகிறான் என்று தோன்றியது.

"நல்லவங்கதான் போல" என்றான். "கொளந்தைய அனுப்பு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நீ வா அண்ணா என்றேன். சீசன் முடியட்டும் என்றான். சீசன் ஜூலையில் முடிந்தது. அதற்குப் பிறகும் அவன் எங்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தான், மகளுக்குக் கடலை மூட்டையும் சீதாப்பழமும் கொண்டுவந்து போட்டுக்கொண்டுதான் இருந்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் வரமாட்டான்.