கூறைப் பாட்டுக்காரர்

பட்டணத்துப் புடவைக்கடையின் விளம்பர வண்டில் மானிப்பாய்க்கு வந்தால் சனம் வாசல் படலைக்கு ஓடிவரும். ஆர்மோனியத்தோடு அதில் இருந்த ஒல்லி மனிதர், எல்லோருக்கும் தெரிந்த நாடக மெட்டுகளில் கடைச் சேலைகளைப் புகழ்ந்து பாடுவார். கலியாணக் கூறைச் சேலைப் பாட்டுக்கு மட்டும் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைப்பார்.

"அதுக்கு மட்டும் ஏன் அண்ணை கழட்டுறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ரை மனுசிக்குப் பிடிச்ச மெட்டு, தம்பி. அவ தன்ரை கூறையை ரெண்டு தரம்தான் கட்டினவ. கலியாணத்தண்டு ஒருக்கா. பிறகு, சுடலைக்குக் கொண்டுபோகேக்கை நாங்கள் கட்டிவிட்டனாங்கள். இந்தப் பாட்டுக்குத்தான் சனம் கூடுதலா வருதெண்டு முதலாளி திரும்பத் திரும்பப் பாடச் சொல்லுறார்."

என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீட்டார் கூறை எடுத்ததும் அந்தக் கடையிலேதான். அதைத் தடவிப் பார்த்தபடி அவள் அந்த மெட்டையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.